விடியற்காலையில் ஒரு 'ஹலோ'

கணினி நிரல் எழுதுவதை அறவே அறியாத புதியவர்க்கென்று இணையத்தில் பாடத்தளம் அமைக்கப் புறப்படுகிறவர்கள், வர்ண ஜாலத்திலும் பொத்தான்களின் அலங்காரத்திலும் சிரத்தை கொள்வதற்கு முன்னர், 1964-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி விடியற்காலை 4 மணிக்கு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் நிகழ்ந்ததைச் சற்றே நினைத்துப் பார்ப்பது உசிதம். கணிதப் பேராசிரியர்களான ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும், விஞ்ஞானம் பயிலாத மாணவரும் கணினியைக் கையாள வேண்டும் என்னும் சங்கல்பத்தோடு ஆக்கிய 'பேசிக்' மொழி அன்றுதான் உயிர் பெற்றது. துளையிட்ட அட்டைகளை ஒப்படைத்துவிட்டு விடைக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடந்த அந்தக் காலத்தில், மாணவன் தட்டச்சு யந்திரம் போன்ற ஒன்றின் முன் அமர்ந்து 'ஹலோ' என்று தட்டி, வரிகளுக்கு 10, 20 என எண்ணிட்டு எழுதி, 'ரன்' என்றதும், காகிதச் சுருளில் விடை கடகடவென்று அச்சாகி வந்தது. பிழையிருந்தால் அதுவும் உடனே தெரிந்தது. பத்துப் பத்தாக எண்ணிட்டதிலும் ஒரு யுக்தி உண்டு: மறந்துபோன வரியை 15 என்று இடையில் செருகிவிடலாமல்லவா? மறதிக்கு இடம் வைக்கும் ஆசிரியர் அபூர்வம். அதேபோல் உடனுக்குடன் விடை காணும்படி, பாடத்தின் பக்கத்திலேயே எழுதி இயக்கிப் பார்க்க ஒரு சிறு கட்டம் வைப்பதே இன்றைய தளங்களின் பிரதான லட்சணம் என்பது என் அபிப்பிராயம். அக்கட்டத்தில் புதியவர் முதன்முதல் தட்டுவதும், பெரும்பாலும், அதே 'ஹலோ'தான்.