அமுதசுரபியும் உண்டியலும்

கையிலிருந்த திருவோட்டையும் உடைமையென்று துறந்த பத்திரகிரியாரைத் திருவிடைமருதூர் அறியும். மணிமேகலை காட்டும் ஆபுத்திரனும் தன் பாத்திரத்தைத் துறந்தவனே, காரணம் வேறு.

பாண்டிநாடு மழையால் செழித்தது. அமுதசுரபிக்குக் கொள்வார் இல்லாமற் போயினர். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிவதைக் கப்பலில் வந்தோர் சொல்லக் கேட்டு அவன் கடலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளற்ற தீவில் தான் மட்டும் உண்ண மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்நீத்தான். அருளும் குறையவில்லை, அமுதும் குறையவில்லை. கொண்டுசேர்க்கக் கப்பல்தான் இல்லை.

தொண்டுச் சங்கங்கள் ஏற்றிருப்பது அக்கப்பலின் வேலை. ரோட்டரி அறக்கட்டளைக்கு 1917இல் ஆர்ச் கிளம்ப் வித்திட்டார். அதற்கு வந்த முதற்கொடை 26 டாலர் 50 சென்ட்டே. உண்டியலில் விழும் சில்லறை ரசீதாகி, வரைவோலையாகி, கூடாரமும் மருந்துமாய் அயல்நாட்டுக் கரையில் இறங்கும்வரை கணக்கு வைப்பதும் அறமே.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. அன்று காவிரிக்கரை கொள்ளும் கையாயிற்று. 2022இல் இலங்கை நெருக்கடியில் வாடியபோது, தமிழக அரசின் வேண்டுகோளை ஏற்றுப் பொதுமக்களும் நிதி வழங்கினர். மே 18இல் 9,000 டன் அரிசியோடு சென்னையில் புறப்பட்ட முதற்கப்பல், மே 22இல் கொழும்பை அடைந்தது.

துயரைப் பாடும் கவிஞர் உண்டியல் ஏந்துவோருடன் தெருவிலும் நடக்கட்டும், நடந்தபின், "போய்ச் சேர்ந்ததா?" என்றும் கேட்கட்டும். ஆபுத்திரனைப் படித்தோர் கேட்க வேண்டிய கேள்வி அது.