அகலக்கால் வைக்கும் முன்
(அக்குபங்சர் மையத்துக்குக் கிளை திறக்கும் காலம் குறித்த உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவத் தொழிலில் இறங்கும் ஒருவர், முதல் சில ஆண்டுகள் நோயாளிகள் வருவார்களா என்று அஞ்சுகிறார். வரத் தொடங்கியபின் வேறொரு கேள்வி பிறக்கிறது: இங்கே இடம் போதவில்லையே, அடுத்த ஊரிலும் ஒரு மையம் திறக்கலாமா? முதல் முயற்சி தவறினால் போட்ட முதல் போகும். இரண்டாவது தவறினால், நன்றாக நடந்துவந்த முதல் மையமும் சேர்ந்து சரியும். அதை நம்பி வந்த நோயாளிகளும் சிகிச்சையின் நடுவே கைவிடப்படுவர். ஆதலால் இந்த இரண்டாம் கேள்விக்கு அவசரமின்றி விடை காண வேண்டும்.

மருந்துக் கடைக்குக் கிளை திறப்பதும் அக்குபங்சர் மையத்துக்குக் கிளை திறப்பதும் ஒன்றல்ல. மருந்துக் கடையில் விற்கும் பெட்டி எல்லா ஊரிலும் ஒரே பெட்டிதான். அக்குபங்சரிலோ நாடி பார்க்கும் விரலும், ஊசி இறங்கும் ஆழமும், நோயாளியிடம் பொறுமையாகக் கேட்கும் கேள்வியுமே சிகிச்சை. ஒரே பெயர்ப்பலகையை இரண்டு ஊர்களில் மாட்டலாம். ஒரே கையை ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் வைக்க இயலாது.

வாசலில் கூட்டம் நிற்பதே கிளை திறக்கும் அறிகுறி என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு சிறு கணக்கு அந்த எண்ணத்தைத் திருத்தும். ஒரு நோயாளிக்குக் கட்டிலில் ஏறுவது முதல் இறங்குவது வரை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோர், ஆறு மணி நேரத்தில் ஒரு கட்டிலில் 9 பேரைப் பார்க்கலாம்; மூன்று கட்டில்களில் 27 பேர். அந்த 40 நிமிடத்தில் சிகிச்சையாளர் அருகே நிற்பது 12 நிமிடம் என்றால், அதே ஆறு மணி நேரத்தில் அவரால் 30 பேரைத்தான் கவனிக்க முடியும். எனவே ஒரு கட்டில் மட்டும் உள்ள மையத்தில் கூட்டம் நின்றால், தேவை இன்னொரு கட்டில். மூன்று கட்டில் இருந்தும் கூட்டம் நின்றால், தேவை இன்னொரு கை. இரண்டிலும் இன்னோர் ஊர் தேவை என்ற முடிவு வரவில்லை.

அப்படியானால் இன்னோர் ஊரின் தேவையை எப்படி அறிவது? மையத்தின் பதிவேடே அதைச் சொல்லும். வந்தவாசியில் மையம் நடத்தும் ஒருவரிடம் செய்யாற்றிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர் என்று கொள்ளலாம். நாட்பட்ட வலிக்கு ஒருமுறை வந்து போனால் போதாது. வாரம் ஓரிரு முறையாகப் பல அமர்வுகள் வர வேண்டியிருக்கும். முழங்கால் வலியுள்ள மூதாட்டி, இரண்டு பேருந்து மாறி வந்து போவதிலேயே பெற்ற நலத்தில் பாதியை இழந்துவிடுவார்.

ஓராண்டுப் பதிவேட்டை எடுத்து, ஊர்வாரியாகப் பிரித்து, எத்தனை பேர் சிகிச்சையை முடித்தனர், எத்தனை பேர் மூன்றாம் அமர்வோடு நின்றனர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளூரார் முடித்துவிட்டு, திண்டிவனத்தார் மட்டும் பாதியில் நின்றிருந்தால், தடையாக இருப்பது தொலைவு. அந்த ஊர் ஒரு மையத்தை அழைக்கிறது என்று கொள்ளலாம். இரு சாராரும் ஒரே அளவில் நின்றிருந்தால் குறை தொலைவில் இல்லை. சிகிச்சையிலோ, காத்திருப்பிலோ, கட்டணத்திலோ, பேசும் முறையிலோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கிளை திறப்பவர், அக்குறையை இன்னோர் ஊருக்கும் ஏற்றுமதி செய்கிறார்.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. நிறுவியவர் இல்லாமல் முதல் மையம் நிற்குமா? இதற்கு விடை சிந்தித்துப் பெறுவதன்று, சோதித்துப் பெறுவது. முதலில் வாரத்தில் இரண்டு நாள், பின்னர் தொடர்ந்து ஒரு மாதம் அவர் மையத்துக்கு வராமல் இருக்க வேண்டும். அந்த நாட்களில் உதவியாளரிடம் வந்த பழைய நோயாளிகள் மறுமுறையும் வந்தனரா? முந்தைய அமர்வில் எந்தப் புள்ளியில் ஊசி இட்டார்கள், என்ன மாறுதல் கண்டது என்பதை எழுதி வைத்த குறிப்பைக் கொண்டே அடுத்தவர் தொடர முடிந்ததா? நாள் இறுதியில் கணக்கு நேரானதா? "ஐயா எப்போது வருவார்?" என்று கேட்டுவிட்டு நோயாளிகள் திரும்பிப் போயிருந்தால், அங்கே உருவாகியிருப்பது மையம் அன்று, ஒரு மனிதரின் நற்பெயர் மட்டுமே. நற்பெயர் பெரிய செல்வம்தான். ஆனால் அதற்குக் கிளை கிடையாது.

இரண்டாவது கை சில மாதங்களில் உருவாவதும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட அக்குபங்சர் பயிற்சி, பாதுகாப்பு வழிகாட்டுதல்கள், மருத்துவப் பட்டம் இல்லாத சிகிச்சையாளருக்கு 2500 மணி நேரப் பயிற்சியைப் பரிந்துரைக்கின்றன; அதில் 1000 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்முறைப் பயிற்சியாக இருக்க வேண்டும். மார்புப் பகுதியில் ஆழம் தவறி இறங்கும் ஊசி நுரையீரலைக் காயப்படுத்தக்கூடும் என்பதை நினைத்தால், இந்த மணிக்கணக்கின் காரணம் விளங்கும். வாடகைக்கு இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக அரைகுறைப் பயிற்சி பெற்றவரைக் கிளையில் அமர்த்துவது, பிறர் உடலை வைத்து ஆடும் சூதாகும்.

இந்தியாவில் இக்கலை பரவிய வரலாறும் இதையே காட்டுகிறது. 1938இல் இந்தியாவிலிருந்து சீனத்துக்குச் சென்ற ஐந்து மருத்துவர் கொண்ட குழுவில் துவாரகாநாத் கோட்னிசும் பிஜோய் குமார் பாசுவும் இருந்தனர். கோட்னிஸ் 1942இல் சீன மண்ணிலேயே மறைந்தார். பாசு 1958இல் மீண்டும் சீனம் சென்று அக்குபங்சரைக் கற்று, மறு ஆண்டு கல்கத்தாவில் அச்சிகிச்சையைத் தொடங்கினார். கற்றவர் பிறருக்குக் கற்பித்ததால் கலை வளர்ந்தது. கட்டடங்கள் பின்னால் வந்தன.

வேறு மருத்துவத் துறையில் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தேனியில் அடுத்த மருத்துவமனை வந்தது 1985இல், திருநெல்வேலியில் 1988இல், கோவையில் 1997இல், புதுச்சேரியில் 2003இல். வெளியூர்களில் கண் முகாம்கள் நடத்தி நோயாளிகளின் தேவையை அறிந்துகொண்டதும், கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்ததும், யார் செய்தாலும் ஒரே முறையில் நடக்கும்படி பணிகளை வகுத்ததும் அந்த வளர்ச்சிக்கு அடித்தளம். நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லாத துறையிலும், முதல் ஊருக்கும் இரண்டாம் ஊருக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சென்றன.

சிறிய மையமும் இவ்வழியைத் தன் அளவில் பின்பற்றலாம். அடுத்த ஊரில் முன்பணம் கொடுத்து இடம் பிடிக்கும் முன், வாரம் ஒரு நாள் மட்டும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம். புதிய இடத்துக்கு வேண்டிய பதிவு, அனுமதி முதலியவற்றை அந்தக் காலத்திலேயே கேட்டறியலாம். ஒருமுறை பயன்படுத்திய ஊசியை மறுபடி பயன்படுத்தாமல், துளைபடாத வெண்ணிறக் கலத்தில் சேர்த்து, 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ஒப்படைக்கும் ஒழுங்கு அங்கும் நடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

இனிப் பணக் கணக்கு. புதிய மையத்தின் வாடகை, ஊதியம், மின்சாரம் எல்லாம் சேர்த்து மாதம் 45,000 ரூபாய், ஓர் அமர்வுக்குக் கட்டணம் 400 ரூபாய் என்று கொண்டால், மாதம் 113 அமர்வுகள் நடந்தால்தான் செலவு நேராகும். இதைப் பலரும் போட்டுப் பார்க்கின்றனர். அவர்கள் மறப்பது வேறொன்று. நிறுவியவர் வாரம் இரண்டு நாள் கிளைக்குச் செல்கிறார். நாளொன்றுக்கு 27 பேர் என்ற முன்கணக்கின்படி, முதல் மையம் மாதம் எட்டு நாட்களில் இழக்கக்கூடியது 86,400 ரூபாய். உதவியாளரிடம் பாதிப் பேர் வந்தாலும் இழப்பு 43,200. கிளையின் மொத்தச் செலவுக்கு ஏறத்தாழ நிகர். எனவே கிளையின் பெருஞ்செலவு வாடகையில் இல்லை, காலியாகும் பழைய நாற்காலியில் இருக்கிறது. அதை ஓராண்டு தாங்கும் கையிருப்பு இல்லாதவர், வீட்டு நகையை அடகு வைத்துத் தொடங்குவது தகாது. அந்தச் சுமை அவருடைய குடும்பத்தையும் அழுத்தும்.

அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்பது உழவர் வாக்கு. ஒரே ஊரில் ஒரே மையத்தை வாழ்நாள் முழுதும் நேர்மையாக நடத்துவது தோல்வி ஆகாது. ஆயினும் அதே உழவர், நாற்றங்காலில் வயது கடந்த நாற்று நட்டபின் சரியாகத் தூர் கட்டாது என்பதையும் அறிவார். பதிவேடு தேவையைக் காட்டி, நிறுவியவர் இல்லாத மாதத்திலும் மையம் சீராக நடந்து, கையில் ஓராண்டுக்கான இருப்பும் சேர்ந்தபின் தயங்குவதும் பிழையே. தேர்ந்த உதவியாளருக்குப் பொறுப்பு தராவிட்டால் அவர் விலகிச் செல்வார். அந்த மூதாட்டி இன்னமும் பேருந்து மாறிக்கொண்டிருப்பார்.

ஆகவே கிளை திறக்க நினைக்கும் இளைஞர்கள் நாள் பார்க்கும் முன்பு பதிவேட்டைப் பார்க்கட்டும்; இடம் தேடும் முன்பு ஆளைப் பயிற்றட்டும். குடும்பத்துப் பெரியோர்களும் "இன்னும் ஏன் பெரிதாக்கவில்லை?" என்று அவர்களைக் கேட்பதை விடுத்து, "நீ இல்லாத நாளில் உன் மையம் எப்படி நடந்தது?" என்று கேட்கட்டும். விடை மனநிறைவு தருமானால், அடுத்த ஊரில் விளக்கேற்ற வாழ்த்தி அனுப்பட்டும்.