ரப்பர் விலையும் ஒரு சட்டமும்

தான் சாய் யான் என்பவர் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக்கிய முன்னோடி அவர். உலகில் கார்கள் பெருகின, டயருக்குத் தேவை கூடியது, விலையும் ஏறியது. காடுகள் தோட்டங்களாயின, பால் வெட்ட நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள்.

ஆனால் நட்ட மரம் பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அன்றைய விலையை நம்பி எல்லோரும் நட்டார்கள். எல்லா மரமும் பால் தந்தபோது சந்தையில் ரப்பர் குவிந்து, விலை சரிந்தது.

1922-இல் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1925-இல் விலை பல மடங்கு உயர்ந்தது. ஆதாயம் யாருக்கு? திட்டத்தில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு (இன்றைய இந்தோனேசியா)! சுமத்ராவின் சிறு விவசாயிகள் தாராளமாக விற்றார்கள். விலை ஏறியதால் அமெரிக்கர்கள் பழைய ரப்பரை மறுபடி பயன்படுத்தினார்கள். லைபீரியாவில் சொந்தத் தோட்டமே போட்டார்கள். 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்து உலகப் பெருமந்தம். தோட்டங்களில் கூலி குறைந்தது; ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலையைக் காக்கச் சட்டம் போட்டவர்கள் கூலியையும் பாதுகாத்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் தோட்டத்துப் பெரியவர்கள் இருந்தால், அந்தக் காலத்தைப் பற்றி அவர்கள் கேட்டறிந்ததை இன்றே எழுதி வையுங்கள்.