பின்பனியில் ஒரு பாலை



பாலைக்கு உரிய பெரும்பொழுது யாது என்று வினவினால், வேனில் என்று எவரும் விடை கூறுவர். நண்பகலும் வேனிலும் பாலைக்குரியன என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. ஆனால் தொல்காப்பியர் அத்துடன் நின்றுவிடவில்லை. பின்பனிக் காலமும் அதற்கு உரியதென ஒரு சிறு நூற்பாவில் சேர்த்துரைத்தார். மாசியும் பங்குனியும் பின்பனி. பாலையின் உரிப்பொருளாகிய பிரிவோடு சார்த்தி இதனை விளக்குவது மரபு. அதனை ஒருபுறம் வைத்து நிலத்தை மட்டும் நோக்கினாலும் அந்நூற்பாவில் ஓர் உண்மை தோன்றும். பாலை ஆண்டு முழுவதும் எரிவதில்லை. சில திங்கள் அது மனிதரைத் தன்பால் அழைக்கவும் செய்கிறது.

அவ்வழைப்பை ஏற்று வளர்ந்த ஊர் ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவில், சான் ஹசிண்டோ மலையடிவாரத்தில் அமைந்த பாம் ஸ்பிரிங்ஸ் என்பது அதன் பெயர். ஜூலையில் அங்கு வெயில் 42 பாகை செல்சியசைத் தாண்டும். ஜனவரியிலோ பகற்பொழுது 21 பாகை அளவில் இதமாக இருக்கும். வடக்கே பனி கொட்டும் நாள்களில் செல்வர்கள் குடும்பத்தோடு வந்து தங்குவதற்கென்றே வீடுகளும் விடுதிகளும் அங்கு எழுந்தன. பழம்பாடற் பாலைக்கும் அப்பாலைக்கும் ஒப்புமை காட்டுவது இவ்வுரையின் நோக்கம் அன்று. அது எளிய வேலை, பயனும் சிறிது. வேறுபாடு ஒன்றை மட்டும் சுட்டினால் போதும். இங்கே பாலை, தலைவன் வீட்டாரைப் பிரிந்து கடக்கும் நிலம். அங்கே வீட்டார் அனைவரும் கூடித் தங்கும் நிலம்.

அங்குச் செல்லும் இற்றைக் குடும்பங்களில் பெரும்பாலும் ஒருவருக்கே கட்டடக்கலையில் பித்து இருக்கும். மற்றவர்க்கு நீச்சற்குளமும் வெயிலும் போதும். அவ்வூரின் சிறப்பே இவ்விரு சாராரையும் ஒருங்கே நிறைவு செய்வதுதான். வில்லியம் கோடி 1947-இல் வடிவமைத்த டெல் மார்கோஸ் போன்ற சிறு விடுதிகளில், குளத்தைச் சூழ்ந்து அறைகள் அமைந்திருக்கும். பிள்ளைகள் நீரில் இறங்கியிருக்க, தாயோ தந்தையோ நிழலில் அமர்ந்து கூரையின் சரிவையும் கற்சுவரின் கோணத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 1963-இல் திறக்கப்பட்ட கம்பிவட ஊர்தியில் ஏறினால், பாலையின் விளிம்பிலிருந்து சற்று நேரத்தில் ஊசியிலைக் காட்டை அடையலாம். கீழே வெயில் காய்ந்தவர்கள் மேலே பனியை உருட்டி விளையாடுவர். குறிஞ்சியும் பாலையும் இத்தனை அருகருகே கிடப்பதைக் காண்பது சிறுவர்க்கும் வியப்பே.

இனி வீடுகளுக்கு வருவோம். அவற்றுள் தலையாயது ரிச்சர்டு நியூட்ரா 1946-இல் கட்டிமுடித்த காஃப்மன் இல்லம். எட்கர் காஃப்மன் என்பவர் பிட்ஸ்பர்க் நகரின் பெருவணிகர். அருவியின் மேலேயே நிற்கும் புகழ்பெற்ற மனை ஒன்றை ஃபிராங்க் லாயிட் ரைட்டைக் கொண்டு கட்டுவித்தவரும் அவரே. குளிர்காலத்துக்கென அவர் விரும்பிய பாலை இல்லத்தில் சுவர் என்று சொல்லத்தக்கது குறைவு. கண்ணாடிக் கதவுகள் நகர்ந்தால் அறை முற்றமாகிவிடும். மணற்காற்று வீசும்போது, நிமிர்ந்து நிற்கும் அலுமினியப் பலகைகளைத் திருப்பி அடைத்துக்கொள்ளலாம். காற்றையும் வெயிலையும் பகையென்று விலக்காமல், வேண்டும்போது உள்ளே விட்டு வேண்டாதபோது தடுக்கும் நுட்பம் அது. ஜூலியஸ் ஷுல்மன் 1947-இல் அந்தி மங்கும் வேளையில் எடுத்த ஒரு புகைப்படம் அவ்வீட்டை உலகெங்கும் கொண்டு சென்றது. 1990-களில் சிதைவுகளைச் செப்பனிட்டபோது அவருடைய பழைய படங்களே சான்றாகப் பயன்பட்டன.

ஆயினும் பாலையை முற்றும் உணர்ந்தவர் என ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், ஆல்பர்ட் ஃப்ரேயைத்தான் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் பிறந்து, பாரிசில் லெ கார்பூசியரிடம் பணியாற்றி, 1930-இல் அமெரிக்கா வந்து, 1934-இல் இவ்வூரை அடைந்தவர் அவர். 1964-இல் மலைச்சரிவில் தமக்கெனக் கட்டிக்கொண்ட இரண்டாம் இல்லம் 800 சதுர அடி அளவினதே. கதிரவனின் போக்கை நாட்பட அளந்தறிந்த பின்னரே அதன் இடத்தையும் திசையையும் முடிவு செய்தார். சரிவில் கிடந்த பெரும்பாறையை அவர் உடைக்கவில்லை. கண்ணாடிச் சுவரைப் பாறையின் வடிவுக்கேற்ப வெட்டிப் பொருத்தினார். பாறையின் பாதி வெளியே நிற்கிறது. மறுபாதி வீட்டினுள் வந்து, படுக்கையிடத்துக்கும் கூடத்துக்கும் இடையே தடுப்பாகிவிட்டது. விளக்கின் சொடுக்கியும் அப்பாறையின்மேல்தான். இளவேனிலில் அம்மலைச்சரிவில் பூக்கும் மஞ்சள் மலர்களின் நிறத்தையே திரைச்சீலைக்குத் தேர்ந்தார். அளவிற் பெரிய மாளிகைகள் பல அவ்வூரில் உண்டு. அவற்றில் ஒன்றுகூட இச்சிறு வீட்டுக்கு ஈடாகாது. கருப்பொருளை வருணனையாக ஒட்டவைப்பதற்கும், அதையே பாட்டின் உடலாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவிஞர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஃப்ரே 1998-இல், 95-ஆம் வயதில் மறைந்தார். அவ்வீடு இன்று அவ்வூர்க் கலை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளது.

செல்வர்க்கு மட்டுமே உரிய கலையாக இது நின்றிருந்தால் இத்துணைப் பேச்சுக்கு இடமில்லை. ஜார்ஜ் அலெக்சாண்டர், அவர் மகன் ராபர்ட் ஆகிய இருவரும் 1955-க்குப் பின் பத்தாண்டுக் காலத்தில் இப்பகுதியில் 2000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி, நடுத்தர வருவாயினரும் வாங்கத்தக்க விலையில் விற்றனர். அவர்களுக்கு வடிவமைத்துக் கொடுத்தவருள் முதன்மையானவர் வில்லியம் கிரிசல். பெரும்பாலும் ஒரே தரைப்படம்தான். அதனை மனைக்கு மனை திசைதிருப்பி வைத்து, ஒன்றுக்குத் தட்டைக் கூரை, மற்றொன்றுக்கு வண்ணத்துப்பூச்சியின் விரித்த சிறகு போன்ற கூரை என மாற்றி, தெருவில் இரு வீடுகள் ஒன்றுபோல் தோன்றாதவாறு செய்தார். ஒரே யாப்பில் வெவ்வேறு பாடல்கள் பிறப்பதைப் போன்றது இது. முகப்பை மறைக்க அடுக்கிய துளைக்கற்கள், தமிழ்நாட்டுக் கொத்தனார் 'ஜாலி' என வழங்குபவற்றுக்கு உறவின. டொனால்டு வெக்ஸ்லர் எஃகினால் வடிவமைத்த வீடுகளோ, 38 கட்டத் திட்டமிட்டும் எஃகின் விலையேற்றத்தால் ஏழுடன் நின்றுபோயின. அலெக்சாண்டர் தந்தையும் மகனும் 1965-இல் தம் மனைவியரோடு விமான விபத்தில் இறந்தனர்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடிச் சுவர் பின்பனிக்கு ஏற்றது, முதுவேனிலுக்கு ஏற்றதன்று. ஆண்டு முழுவதும் இவ்வீடுகளில் வாழ இயன்றது குளிரூட்டும் எந்திரத்தால்தான்.

அரிசோனா மாநிலத்து ஸ்காட்ஸ்டேல் பக்கமும் இத்தகைய பயணிகள் செல்வதுண்டு. ஃபிராங்க் லாயிட் ரைட் 1937 முதல் தம் குடும்பத்தோடும் மாணாக்கரோடும் குளிர்காலந்தோறும் தங்கிக் கட்டிய டாலியெசின் வெஸ்ட் அங்குள்ளது. பாலைக் கற்களை அச்சுக்குள் அடுக்கிக் காரை ஊற்றிய சுவர்கள், தொடக்கத்தில் கித்தானால் ஆன கூரை என, பாதி வீடாகவும் பாதிக் கூடாரமாகவும் அது அமைந்தது. எதிர்வெளியில் மின்கம்பிகள் வந்து காட்சியைக் கெடுத்தபோது அவர் அடைந்த சினம் பெரிது. பாலையை வெற்றிடமென நினைத்தவர்க்கும் அதனைக் காட்சியென நினைத்தவர்க்கும் நடந்த பிணக்கு அது. 2019-இல் அது உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

இத்தனை அழகும் இடையில் மதிப்பிழந்து கிடந்தது என்பதை இன்று பலர் நினைப்பதில்லை. 1970-களிலும் 1980-களிலும் இவ்வீடுகள் 'பழம்பாணி' எனப்பட்டன. கூரைகள் மாற்றப்பட்டன, துளைக்கற்கள் பெயர்க்கப்பட்டன. பின்னர் ஒரு சொற்றொடர் வந்தது. காரா கிரீன்பர்க் என்பவர் 1984-இல் வெளியிட்ட நூலொன்றின் தலைப்பால் 'நூற்றாண்டு நடுக்கால நவீனம்' என்னும் பெயர் வழக்கில் ஊன்றியது. பெயர் கிடைத்ததும் பொருள் கண்ணுக்குத் தெரிந்தது. 1999-இல் காப்புக்குழு ஒன்று தோன்றியது. அண்டை ஊரான ராஞ்சோ மிராஜில் நியூட்ரா 1962-இல் கட்டிய மாஸ்லன் இல்லம் 2002-இல் இடிக்கப்பட்டபோது எழுந்த கண்டனம், எஞ்சியவற்றைக் காக்கத் துணைநின்றது. ஃப்ரேயும் அவர் கூட்டாளியும் 1965-இல் அமைத்த பெட்ரோல் நிலையம் ஒன்று, வானை நோக்கிக் கூர்ந்தெழும் அதன் கூரைக்காகவே காப்பாற்றப்பட்டு, 2003 முதல் பயணியரை வரவேற்கும் நிலையமாகத் திகழ்கிறது. 2006 முதல் பிப்ரவரித் திங்களில், அதாவது மாசி பிறக்கும் வேளையில், இவ்வீடுகளுக்கென ஆண்டுதோறும் விழாவும் எடுக்கின்றனர். 'பழம்பாணி' என்றிருந்ததை 'நவீனம்' என்றழைத்த ஒரு சொல் இத்தனையையும் செய்தது.

அதே ஊரில் மற்றொரு சொல்லும் வேலை செய்தது. அதைச் சொல்லாமல் அவ்வீடுகளை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

அந்நிலம் கவீயா என்னும் தொல்குடியினருக்கு உரியது. வெந்நீர் ஊற்றின் பெயரால் வழங்கப்படும் ஆகுவா கலியெந்தே என்னும் பிரிவினர் அங்கு நெடுங்காலமாக வாழ்பவர்கள். அவர்களுக்கான நிலம் 1876-இல் ஒதுக்கப்பட்டது. ஆயின் அப்பகுதி முழுவதையும் ஒரு சதுர மைல் கொண்ட கட்டங்களாகப் பகுத்து, ஒற்றைப்படை எண் கொண்டவற்றை இருப்புப்பாதை நிறுவனத்துக்கும் இரட்டைப்படை எண் கொண்டவற்றைத் தொல்குடியினர்க்கும் அரசு வழங்கியது. சதுரங்கப் பலகையின் மீது ஊர் வளர்ந்தது. வெந்நீர் ஊற்று இருந்த பதினான்காம் கட்டம் ஊரின் நடுவே அமைந்துவிட்டது. நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு விடும் உரிமை அதன் உடையவர்க்கு அந்நாளில் இல்லை. ஆகவே கறுப்பினக் குடும்பங்களும் மெக்சிகோ வழிவந்த குடும்பங்களும் அங்கே குறுங்காலக் குத்தகையில் மனை கொண்டு வீடு கட்டினர். ஊரின் பிற பகுதிகளில் குடியேற இனவேறுபாடு அவர்களைத் தடுத்தது. அவர்கள் தச்சர், தோட்டக்காரர், வீட்டுப் பணிப்பெண்டிர். விடுதிகளும் குளிர்கால இல்லங்களும் அவர்கள் உழைப்பால் நடந்தன.

1959-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சட்டம் இடமளித்தது. ஊர் நடுவிலிருந்த நிலம் பொன்னாயிற்று. அங்கிருந்த குடியிருப்பின் மேல் 'சேரி' என்னும் பொருள் தரும் சொல்லை ஏற்றி, நகராட்சி வீடுகளை அகற்றத் தொடங்கியது. 1960-களின் நடுப்பகுதி வரை அவை எந்திரங்களால் இடிக்கப்பட்டன. தீயணைப்புத் துறையினராலேயே எரிக்கவும்பட்டன. வேலை முடிந்து திரும்பியபோது வீடு இருந்த இடம் வெறுமையாக இருந்ததென அங்கு வாழ்ந்தோர் சிலர் பிற்காலத்தில் கூறியுள்ளனர். கலிபோர்னிய அரசின் தலைமை வழக்கறிஞர் துறை 1968-இல் தந்த அறிக்கை நகராட்சியைக் கடுமையாகக் குறை கூறியது. தமிழிலும் 'சேரி' என்பது பண்டு மக்கள் சேர்ந்து வாழும் இடத்தையே குறித்தது என்பதும், இழிபொருள் பின்னர் ஏற்றப்பட்டது என்பதும் இங்கு எண்ணத்தக்கன.

ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் செய்தி விளங்கும். எஃகு வீடுகள் எழுந்தது 1961, 1962-இல். ஃப்ரே பாறையை உடைக்காமல் காத்தது 1964-இல். அதே ஆண்டுகளில், அதே ஊரில், மனிதர் வாழ்ந்த வீடுகள் எரிந்தன. கட்டடக்கலைஞர்கள் எரித்தார்கள் என்பதன்று. அவர்தம் கலையைச் சிறுமைப்படுத்த இது சொல்லப்படவும் இல்லை. ஒரு வீடு 'வீடு' என்று கண்ணிற் படுவதற்கு யாரோ அதற்கொரு பெயர் தர வேண்டியிருக்கிறது. அப்பெயரைத் தரும் இடத்தில் எழுதுவோர் நிற்கின்றனர்.

நகராட்சி 2021-இல் முறையாக மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பரில், அகற்றப்பட்டோர்க்கும் அவர் வழியினர்க்கும் 59 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்க இசைந்தது. பதினான்காம் கட்டத்தில், வெந்நீர் ஊற்றின் அருகிலேயே, தொல்குடியினர் தம் பண்பாட்டு மையத்தையும் அருங்காட்சியகத்தையும் 2023-இல் திறந்தனர். ஊருக்குத் தெற்கே அவர்களுக்குரிய பள்ளத்தாக்குகளில் விசிறிப் பனைகள் இன்றும் தோப்பாக நிற்கின்றன. பனை ஓலையால் கூரை வேய்ந்து வெயிலைத் தாங்கும் வித்தையைக் கவீயா மக்கள் கண்ணாடி வீடுகளுக்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர்.

பின்பனிக் காலத்தில் அங்குச் செல்லும் குடும்பம் கையில் வரைபடத்துடன் வீடு வீடாகப் பார்த்து வருகிறது. காஃப்மன் இல்லத்தைத் தெருவிலிருந்து காணலாம். சிறகுக் கூரைகளை வண்டியில் இருந்தவாறே எண்ணலாம். பதினான்காம் கட்டத்தில் எரிந்த வீடுகளின் கூரை எவ்வாறு இருந்தது, சாளரம் எத்திசை நோக்கியது, தாழ்வாரத்தில் நிழல் எதுவரை விழுந்தது என்பவற்றைச் சொல்லக்கூடியவர், அங்குச் சிறுவராய் ஓடியாடியவர்கள். அவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிய வயது.