அழாத பிள்ளைக்கும் பால்
(சங்க ஆண்டு விழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ தொட்டிலருகே நிகழ்வது. ஆயினும் அதுவும் இலக்கியத்திற்குப் புறம்பானது அன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள், குழந்தையைத் தாலாட்டும் காலத்திற்கெனத் தாலப் பருவம் என்று தனியே ஒரு பருவம் வகுத்தார்கள். ஆனால், அங்கே தொட்டிலில் கிடப்பது ஒரு குழந்தைதான். இரண்டு குழந்தைகள் ஒருங்கே பிறந்த வீட்டில் இரவை நடத்துவது எவ்வாறு என்பதைப் புலவர்கள் பாடிவைக்கவில்லை. காலனியில் வாழும் நாம்தாம் அதனை எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது நம் பழமொழி. ஒரு குழந்தை உள்ள வீட்டிற்கு அது ஒருவாறு பொருந்தும். இரட்டையர் பிறந்த வீட்டிற்கு அது பொருந்தாது என்பதே இன்று நாம் கூற வந்த கருத்து. இரட்டையருள் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறைவதற்கு முன்னரே பிறந்துவிடுகின்றனர். 2½ கிலோவிற்குக் குறைந்த எடையுடன் பிறப்போரும் பலர். இத்தகைய குழந்தைகள் பசித்தாலும் உரக்க அழுவதில்லை. அழுவதற்கும் வலிமை வேண்டும் அன்றோ? வலிய குழந்தை அழுது பால் பெறும். மெலிந்த குழந்தை உறங்கிக்கொண்டே இருக்கும். ‘எவ்வளவு சாதுவான பிள்ளை!’ என்று வீட்டாரும் மகிழ்வார்கள். பத்து நாள் கழித்து எடை பார்க்கும்போதுதான் அந்தச் சாதுத்தன்மையின் பொருள் விளங்கும். ஆகவே, இவ்வீட்டில் இரவை ஆள வேண்டியது அழுகை அன்று, ஒழுங்கு.

முதலில் ஒரு சிறு கணக்கினைக் காண்போம். பச்சிளங் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் அருந்தும். குறைந்த அளவாகிய 8 முறை என்றே கொண்டாலும், இருவர்க்கும் 16 முறை ஆகிறது. ஒரு முறைக்கு 40 நிமிடம் என வைத்துக்கொண்டால், தனித்தனியே ஊட்டும் தாய்க்கு 640 நிமிடம், அஃதாவது 10 மணி 40 நிமிடம், ஊட்டுவதிலேயே கழியும். துணி மாற்றுவதும் ஏப்பம் விடச் செய்வதும் உறங்க வைப்பதும் இதில் சேரவில்லை. இருவர்க்கும் ஒரே வேளையில் ஊட்டினால் இது 5 மணி 20 நிமிடமாகக் குறைகிறது. மீண்ட நேரத்தில்தான் தாயின் உறக்கம் இருக்கிறது.

ஆதலால் முதல் விதி இது: இரவில் ஒரு குழந்தை பாலுக்கு விழித்தால் மற்றதையும் எழுப்ப வேண்டும். ‘உறங்கும் குழந்தையை எழுப்பாதே’ என்று பாட்டிமார் தடுப்பர். அவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால், எழுப்பாது விட்ட குழந்தை, மற்றது உறங்கிய அரை மணியில் தானே விழிக்கும். தாய் படுக்கையில் தலை சாய்க்கும் வேளை அதுவாகவே இருக்கும். பிறந்தபோது இருந்த எடையை மீண்டும் எட்டாத குழந்தையை மூன்று மணி நேரத்திற்கு மேல் பாலின்றி உறங்க விடலாகாது. துணியைத் தளர்த்தி, உள்ளங்காலை மெல்ல வருடினால் விழித்துக்கொள்ளும்.

இருவர்க்கும் ஒருங்கே ஊட்டுவதற்குப் பழக்கம் வேண்டும். முதல் சில நாள் ஒவ்வொன்றாக ஊட்டி, இரு குழந்தைகளும் நன்கு வாய் வைக்கக் கற்றபின் சேர்த்து ஊட்டத் தொடங்கலாம். தாய் சாய்ந்து அமர்ந்து, இரு பக்கமும் தலையணை அடுக்கி, குழந்தைகளின் கால்கள் பின்னோக்கி இருக்குமாறு இரு கக்கங்களிலும் அணைத்துக்கொள்வது எளிய முறை. வலிய குழந்தை எப்போதும் ஒரே பக்கம் அருந்தினால் மற்றப் பக்கம் சுரப்புக் குறையும். எனவே பக்கத்தை மாற்றிவர வேண்டும்.

அடுத்தது அடையாளம். நள்ளிரவில் அரைத் தூக்கத்தில், பால் உண்ட குழந்தைக்கே மீண்டும் ஊட்டி, உண்ணாததை உறங்க வைத்துவிடுவது எளிதில் நேரக்கூடியதே. இராமாயணத்தின் உத்தரகாண்டத்தில் இதற்கோர் அழகிய செய்தி உண்டு. வால்மீகி முனிவர், மூத்த குழந்தையைக் குசப் புல்லாலும் இளைய குழந்தையை லவத்தாலும் துடைக்கச் செய்து, அவற்றைக் கொண்டே குசன், லவன் என்று பெயர் சூட்டினார் என்கிறது அந்நூல். நமக்குப் புல் வேண்டுவதில்லை. ஒன்றுக்கு வெள்ளைச் சட்டை, மற்றொன்றுக்கு மஞ்சள் சட்டை போதும். கழுத்தில் கயிறு கட்டுவது மட்டும் வேண்டா. அது இறுக்கிவிடக் கூடும். தொட்டிலருகே ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்கட்டும். எந்தக் குழந்தை, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் அருந்தியது, எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்று குறிக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் ஒவ்வொரு குழந்தையும் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் துணியை நனைத்தால் பால் போதுகிறது எனப் பொதுவாகக் கொள்ளலாம். குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அழாத பிள்ளையின் பொருட்டு அந்த நோட்டுப் புத்தகம் பேசும்.

‘இருவர்க்கும் பால் போதுமா?’ என்று வருவோர் எல்லாம் கேட்பர். குடிக்கக் குடிக்கச் சுரப்பது தாய்ப்பாலின் இயல்பு. ஆதலால் பெரும்பாலான தாய்மாருக்கு இருவர்க்கும் போதிய அளவு சுரக்கக் கூடும். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தண்ணீரும் சர்க்கரை நீரும் தேனும் வேண்டா. தேனை ஓர் ஆண்டு நிறையும் வரை நாவில் தடவவும் கூடாது. உண்மையிலேயே பால் போதாமல் மருத்துவர் மாவுப்பால் கொடுக்கச் சொன்னால், அதனைக் குறைவாக எண்ணித் தாயை நோகச் செய்வதும் கூடாது.

வாய் வைத்து உறிஞ்ச வலிமையில்லாத குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊட்டலாம். சிலர் சங்கு என்று சொல்லும், மூக்குள்ள அச்சிறு கிண்ணத்தை இன்று நாட்டின் பல மருத்துவமனைகளில் பச்சிளங் குழந்தைகள் பிரிவிலேயே பயன்படுத்துகிறார்கள். நம் பாட்டிமார் பெட்டியில் கொண்டுவந்த பொருளுக்கு வந்த பெருமை இது! ஒவ்வொரு முறையும் கழுவி, கொதிநீரில் இட்டெடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறவற்க. பீய்ச்சிய பால் 25 டிகிரிக்கு மேற்படாத வெப்பத்தில் நான்கு மணி நேரமும், பிரிட்ஜில் நான்கு நாளும் கெடாதிருக்கும். வடநாட்டுக் கோடையில் அறையின் வெப்பம் இதனினும் மிக அதிகமாதலால், உடனே பிரிட்ஜில் வைப்பதே முறை.

இனி உறக்கம். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் உறங்கும். ஆனால், துண்டு துண்டாக உறங்கும். இரவு பகல் வேறுபாடு அதன் உடலுக்குப் புலப்பட இரண்டு மூன்று மாதம் ஆகும். குறைமாதத்தில் பிறந்தவற்றுக்கு இன்னும் சில வாரம் கூடும். அதுவரை நாம் செய்யக்கூடியது குறிப்புக் காட்டுவது ஒன்றே. பகலில் சாளரத்தைத் திறந்து வெளிச்சம் வரவிடுக, கொஞ்சுக, பேசுக. இரவில் மங்கிய விளக்கு, தாழ்ந்த குரல். வேலை முடிந்ததும் மீண்டும் தொட்டில். ஆறாம் வாரத்தையொட்டி அழுகை உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதத்தில் தணியும். அக்காலத்தில் எதைச் செய்தும் ஓயாது குழந்தை அழுதால், அதனைத் தொட்டிலில் மல்லாந்து கிடத்திவிட்டு, ஐந்து நிமிடம் அடுத்த அறைக்குச் சென்று மனத்தை ஆற்றிக்கொள்வது குற்றமன்று. சினத்தில் குழந்தையைக் குலுக்குவதுதான் பெருந்தீங்கு. மூளையில் இரத்தம் கசிந்து உயிரே போகலாம்.

கிடத்தும் முறையிலும் கருத்து வேண்டும். குழந்தையை எப்போதும் மல்லாந்தே உறங்கவைக்க வேண்டும். 1990களில் பல நாடுகள் இதனை வற்புறுத்தத் தொடங்கிய பின், உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. இரு குழந்தைகளும் தாயின் அறையிலேயே, ஆனால் தனித்தனிப் படுக்கையில், சமமான கெட்டி விரிப்பில் உறங்க வேண்டும். மெலிந்த குழந்தையைத் தூளியில் இட்டால் கழுத்து மடங்கி மூச்சுத் தடைப்படக் கூடும். பனிக்காலத்தில் நாம் போர்த்தும் ரஜாய் குழந்தையின் முகத்தை மூடிவிடக் கூடும். அதனை விலக்கி, உடலோடு பொருந்திய கம்பளிச் சட்டை அணிவிக்கலாம். அறையை மூடிவிட்டு அங்கீட்டியில் கரி எரிப்பது எக்காலத்தும் ஆகாது. அதன் நச்சுவாயு வீட்டோடு உயிர் குடிக்கும்.

எடை குறைந்த குழந்தைக்குக் கதகதப்புத் தரச் சிறந்த வழி மார்போடு அணைப்பதே. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978-இல் மருத்துவர் எட்கார் ரே தொடங்கிய இம்முறையைக் கங்காரு முறை என்பர். இதனைத் தந்தையும் செய்யலாம்; விழித்திருந்து செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை.

இத்துணையும் கூறிய பின், வீட்டில் அழாத மற்றோர் உயிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள்தான் தாய். மெலிந்த குழந்தையைப் போலவே அவளும் தன் தேவையைக் கேட்கமாட்டாள். ‘சமாளித்துக்கொள்கிறேன்’ என்பாள். ஆகவே, அவளுக்குரிய உறக்கத்தையும் அழுகைக்குக் காத்திராமல் ஒழுங்கினால் அளிக்க வேண்டும். முதல் சில வாரம் பால் நன்கு ஊறும் வரை ஊட்டுவது மட்டும் தாயின் வேலையாகட்டும். எடுத்து வருவதும் ஏப்பம் விடச் செய்வதும் துணி மாற்றுவதும் பிறர் வேலை. பின்னர் இரவை இரண்டாகப் பகுக்கலாம். ஒன்பது மணிக்கு ஊட்டிவிட்டுத் தாய் உறங்கட்டும். நள்ளிரவுப் பாலைப் பாலாடையில் தந்தை ஊட்டட்டும். இரண்டு மணிக்குமேல் அவர் உறங்கட்டும். இருவர்க்கும் நான்கைந்து மணி நேரம் தொடர்ந்த உறக்கம் கிட்டும். ‘ஆபீஸ் போகிறவர் உறங்க வேண்டாமா?’ என்று கேட்பவர்கள், விடுமுறையே இல்லாத ஆபீஸ் ஒன்று வீட்டுக்குள் நடப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மத்திய அரசில் பணிபுரியும் தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. குழந்தை பிறந்து ஆறு மாதத்திற்குள் அதனை எடுக்கலாம். மருத்துவமனை நாள்களிலேயே அதனைச் செலவிடாமல், ஊரிலிருந்து வந்த பாட்டி திரும்பும் வாரத்திற்கென வைத்துக்கொள்வது நன்று. இரு பாட்டிமாரும் ஒருங்கே வந்து ஒருங்கே திரும்புவதைவிட, ஒருவர்பின் ஒருவராக வந்தால் உதவி இருமடங்கு காலம் நீடிக்கும்.

இனிக் காலனியின் கடமை. நம் ஊரில் என்றால் தாய் வீடு அடுத்த தெருவில் இருக்கும். இங்கே அது இரண்டு இரவு ரயில் பயணத்திற்கு அப்பால் இருக்கிறது. பிறந்த வீடும் புகுந்த வீடும் இல்லாத சீதைக்கு ஆசிரமத்து மகளிர் துணை நின்றனர். நம் காலனியிலும் அது இயலாததன்று. ஒரு வீட்டார் காலைச் சிற்றுண்டி, ஒரு வீட்டார் மாலையில் ஒரு மணி நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதல், ஒரு வீட்டார் கடைக்குச் சென்று வருதல் என முறை வைத்துக்கொள்ளலாம். கையைச் சோப்பிட்டுக் கழுவியே குழந்தையைத் தொடுக. சளி உள்ளவர் செல்லாதிருப்பதே உதவி. பார்க்கச் செல்வோர் ‘குழந்தை யார் சாயல்?’ என்று கேட்பதற்கு முன், ‘நேற்று நீ எத்தனை மணி நேரம் உறங்கினாய், அம்மா?’ என்று கேட்பார்களாக. இரண்டு வாரத்திற்கு மேலும் அவள் காரணமின்றிக் கலங்கினாலோ, குழந்தைகளின்மேல் பற்றின்றி இருந்தாலோ, அது சோம்பலும் அன்று, நன்றியின்மையும் அன்று. அது மருத்துவத்தால் தீரும் நோய். அன்றே அழைத்துச் செல்ல வேண்டும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை, பால் அருந்த மறுத்தல், எழுப்பியும் விழியாமை, நிமிடத்திற்கு 60-க்கு மேற்பட்ட மூச்சு, மார்பு உள்வாங்குதல், 100.4 டிகிரி காய்ச்சல், வயிறு தொட்டால் சில்லிட்டிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் விடியும் வரை காத்திருத்தல் கூடாது. கார் வைத்திருக்கும் அன்பர்கள் தம் எண்ணை அவ்வீட்டாருக்கு முன்னரே எழுதிக் கொடுத்துவைப்பார்களாயின், அதுவே சங்கப் பணி.

அன்பர்களே! கேட்பவர்க்குக் கொடுப்பது எளிது. கேளாதவர்க்கு என்ன வேண்டும் என்று அறிந்து கொடுப்பதே குடும்பம், அதுவே காலனி. இரட்டையர் பிறந்த வீட்டில் அழாத பிள்ளைக்கும் பால் கிடைக்கட்டும். வாய் திறந்து கேளாத தாய்க்கும் உறக்கம் கிடைக்கட்டும்.