மூக்கடைப்பும் பீனிசமும்



சாலையையும் குடிநீரையும் பற்றிப் பேச வேண்டிய அதிகாரி மூக்கைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நீங்கள் வியக்கக்கூடும். நான் வைத்தியன் அல்லன். ஆயினும், சளி பிடித்தவுடன் கடையில் தாமாகவே மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் நம் கிராமங்களில் பரவியிருப்பதால் இதைப் பேசத் துணிந்தேன்.

நெற்றியிலும் கன்னத்திலும் மூக்கின் பக்கங்களிலும் உள்ள எலும்புகளுக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள் உண்டு. அவற்றில் ஊறும் நீர் சிறு துவாரங்களின் வழியே மூக்கினுள் வடிகிறது. உட்சவ்வு வீங்கித் துவாரம் அடைபட்டால் நீர் தேங்கிவிடும். வடிகால் தூர்ந்த வயலின் கதைதான். இதையே பீனிசம் என்கிறோம்.

நெல் தூற்றும்போது அடுக்குத் தும்மலும், தண்ணீர் போன்ற ஒழுக்கும், கண்ணில் அரிப்பும் கண்டு, காய்ச்சல் இல்லையேல் அது பெரும்பாலும் தூசியின் ஒவ்வாமையே. மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு வேலை செய்க.

கெட்டிச் சளி, மூக்கடைப்பு, குனிந்தால் முகத்தில் பாரம், மேற்பல் வலி, வாசனை தெரியாமை ஆகியவை பீனிசத்தின் குறிகள். சளி பச்சையாகிவிட்டதே என்று பலர் அஞ்சுகின்றனர். சாதாரண ஜலதோஷத்திலும் நிறம் மாறும். ஆகையால் நிறத்தை விட்டு நாட்களை எண்ணுங்கள். ஜலதோஷம் பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தணிந்துவிடும். 10 நாட்கள் கடந்தும் தணியாவிடினும், தணிந்து வந்தது மீண்டும் முற்றினாலும், தொடக்கத்திலேயே கடுங்காய்ச்சலும் முகவலியும் சீழ்ச்சளியும் மூன்று நான்கு நாட்கள் நீடித்தாலும் டாக்டரிடம் காட்டுதல் வேண்டும். முதல் நாளே எக்ஸ்ரே எடுக்கும்படி அவரை வற்புறுத்துவது வீண் செலவு. 12 வாரங்கள் நீடித்தால் அது நாட்பட்ட பீனிசம். மூக்கினுள் கருவி விட்டுப் பார்த்தல் அப்போது தேவைப்படும்.

குழந்தைக்கு ஒரு நாசியில் மட்டும் துர்நாற்றத்துடன் ஒழுகினால், புளியங்கொட்டையோ வேறு பொருளோ உள்ளே சிக்கியிருக்கலாம். ஊக்கை விட்டுத் துழாவாதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் அடைப்பும் இரத்தமும் நீடித்தால் கட்டி உண்டா என்று பார்த்தாக வேண்டும்.

நீரிழிவுடையோர் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் அவசியம். 2021இல் கொரோனாவைத் தொடர்ந்து வந்த கறுப்புப் பூஞ்சை நோய் அவர்களையே பெரிதும் தாக்கிற்று. முகம் மரத்துப்போதல், மூக்கில் கறுத்த கசிவு, கண் வீக்கம், பார்வை இரட்டித்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் காலை வரை காத்திராதீர்கள். கண் வீக்கமோ, கடுந்தலைவலியுடன் கழுத்து விறைப்போ கண்டால், நீரிழிவு இல்லாதவருக்கும் அதே அவசரந்தான். பஞ்சாயத்து உறுப்பினர்கள் 108 வண்டியை உடனே அழைத்து, நோயாளியை அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பித்தல் வேண்டும்.