கடன் கொப்பி



திருகோணமலை மாவட்டத்தின் தெற்கே, வெருகல் பக்கம், கடலோரத்தில் இருக்கிறது இலங்கைத்துறை. அங்கே ஒரு சின்னக் கடைக்காரரின் மனநிலையை அறிய அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம். கடலைப் பார்த்தால் போதும்.

மார்கழியில் வாடைக்காற்று எழும்பும். தோணி இறங்காது. வீட்டில் காசு இல்லை. ஆனால் அரிசி வேணும், பருப்பு வேணும், பிள்ளைக்குப் பால்மா வேணும். கடைக்காரர் கடன் கொப்பியை விரிப்பார்.

கடல் அடங்கும். காசும் வரும். ஆனால் அந்தக் காசு அதே சாமானைத் திரும்ப வாங்குமா? 2022இல் வாங்கவில்லை. கொப்பியில் இருந்தது பழைய விலை. மொத்தக் கடையில் சொன்னது புது விலை. ஒரு மூடை சீனியைக் கடனுக்குக் கொடுத்தவர், வந்த காசில் முழு மூடை வாங்க முடியாமல் நின்றார். கடன் தீர்ந்தது, கடையின் முதல் தேய்ந்தது.

அதையும் அவர் தாங்கிக்கொள்வார். தாங்க முடியாதது வேறொன்று. கடன்பட்டவர் வெட்கத்தில் அந்த வாசலைத் தவிர்த்து, கைக்காசோடு வேறு கடைக்குப் போவது. முதலும் போய், மனிதரும் போய்விட்டால் மனம் உடைந்துவிடும், நேயர்களே.

ஆகவே, கடன் இருந்தாலும் அந்தக் கடைக்கே போங்கள். இன்று கொஞ்சமாவது கொடுங்கள். மிச்சத்துக்கு ஒரு தவணை சொல்லுங்கள்.